பிரிக்காத பொட்டலம்

மர்பி டவுன்
18 நவம்பர் 2024

யாமினிக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு அக்கா தபால் போடுகிறாளே என்று சிரிக்காதே. வேறு வழியில்லை. எங்கள் வீடு உனக்குத் தெரியும். முன்னறையில் இருமினால் பின்னறையிலிருந்து தண்ணீர் வரும். அந்த முன்னறையில்தான் அம்மா படுத்திருக்கிறாள். கண் மங்கிவிட்டது, கால் வீங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. வாட்ஸாப்பில் எழுதலாமென்றால் என் போன் பாதி நேரம் என் மகள் ஸ்னேஹா கையில். அதனால் கடையில் மதிய இடைவேளையில், சோற்று டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ செய்த வீடியோவைப் பார்த்தேன். நீ காட்டவில்லை. என் பக்கத்துக் கவுன்ட்டரில் பில் போடும் பார்கவி காட்டினாள். "அக்கா, இது நிம்ம தங்கி அல்வா? பேர் போட்டிருக்கு பாருங்க" என்று, உங்கள் தங்கைதானே என்று பாதி கன்னடத்தில் கேட்டுப் போனை நீட்டினாள். முதலில் பெருமையாகத்தான் வாங்கினேன். ஒருத்தி உட்கார்ந்துகொண்டு பொட்டலம் பொட்டலமாகப் பிரிக்கிறாள். பிரித்துப் பிரித்துத் தூக்கிக் காட்டுகிறாள், நட்சத்திரம் பறக்கிறது, மணி அடிக்கிறது. சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது பொட்டலத்தில் நம் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடை கவரைப் பார்த்தேன். உள்ளிருந்து பச்சைப் பாவாடை வந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்குத் தப்பாக பில் போட்டேனோ தெரியாது.

கீழே ஒருவன் "ஷாப்பிங் பைத்தியம் பிடித்த கிழவியின் பொக்கிஷம்" என்று எழுதியிருந்தான். நீ அதற்கு ஒரு இதயம் போட்டிருக்கிறாய்.

ஆகஸ்டில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கவயல் வீட்டைக் காலி செய்யப் போனவள் நீ. "அம்மா கட்டிலுக்கடியில ஒரு டிரங்குப் பெட்டி, பழைய துணி, நான் எடுத்துக்கவா" என்று போனில் கேட்டாய். நான் வராண்டாவில் ஸ்ட்ரெச்சருக்கு ஓடிக்கொண்டிருந்தேன். "எடுத்துக்கோ" என்றேன். அது எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

அம்மா அந்தப் பெட்டியைக் கேட்கிறாள். லாரியில் வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிரித்தது பிரித்தபடியே இருக்கட்டும், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து சேர். எதற்கென்று அப்புறம் சொல்கிறேன்.

தனம்


ஜக்கூர்
23 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கோபமாகத்தான் இருக்கும் என்று கவரைப் பார்த்ததுமே தெரிந்தது. ஸ்டாம்ப்பை அப்படிக் குத்தி ஒட்டியிருந்தாய்.

நான் அம்மாவைக் கேலி செய்யவில்லை. இதை நீ நம்ப வேண்டும். ஊரே பொட்டலம் பிரிக்கும் வீடியோவில் மூழ்கிக் கிடக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தி புது போனைப் பிரிப்பதை லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த ஆசையை எடுத்து அதற்கே கண்ணாடி காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அம்மா கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி. முழுக்கப் பிரிக்காத துணிப் பொட்டலம். அடியில் குழந்தைச் சட்டை, மேலே மேலே பாவாடை, தாவணி, சுடிதார், பட்டுப்புடவை. எல்லாவற்றுக்கும் மேலே ஆன்லைனில் வரவழைத்த சாம்பல் நிற கவர் ஒன்று, அம்மா பெயரும் விலாசமும் ஒட்டி. குழந்தைத் துணியெல்லாம் ஸ்னேஹாவுக்கென்று வாங்கிக் கொடுக்க மறந்தது, மற்றதெல்லாம் தள்ளுபடியில் ஏமாந்தது என்று நினைத்தேன். வாங்கியதைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் அடுத்ததை வாங்குகிற ஒரு வாழ்க்கை. என்னை, உன்னை, எல்லாரையும்தான் அதில் பார்த்தேன்.

அந்த வீடியோவில் இருக்கும் முகம் என்னுடையதில்லை, கவனித்தாயா? உடம்பும் கையும் என்னுடையது, வயதுக்குத் தக்கபடி அவற்றைச் சிறிதாக்கிக் காட்டினேன். முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் செய்து மேலே பொருத்தினேன். உன் சின்ன வயது போட்டோக்கள், என் போட்டோக்கள் எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்து இரண்டையும் கலக்கச் சொன்னேன். துணியின் அளவு ஏற ஏற அந்த முகத்துக்கும் வயது ஏறும். முதல் சட்டையைக் காட்டும்போது நான்கு வயதுக் குழந்தை, புடவையைக் காட்டும்போது கல்யாணப்பெண். வாங்கிக்கொண்டே வளர்கிறோம், வேறெதுவும் நடப்பதில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இதை வைத்த கலைக் கண்காட்சியில் ஆளுயரத் திரைக்கு முன்னால் ஜனங்கள் நகரவே இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். திரைக்குக் கீழே அந்தத் துணிகளைக் குவித்து வைத்து 'இலவசம்' என்று ஒரு போர்டு வைத்தேன். பொருளாசையைப் பற்றிய படத்தைப் பார்த்து முடித்தவர்கள் அந்த போர்டைப் பார்த்ததும் என்ன செய்கிறார்கள் என்பதும் படைப்பில் ஒரு பகுதி. அதைத் தனியாக ஒரு கேமரா பதிவு செய்தது. தள்ளுமுள்ளு இல்லாமல், சிரித்துக்கொண்டே, முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாம்பல் நிற கவர் மட்டும் இருக்கிறது. அதைப் பிரிக்காமலே கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். படம் அதில்தான் முடிகிறது, ஆசைக்கு முடிவில்லை என்று.

அம்மாவுக்குப் புதுத் துணி வேண்டுமென்றால் நான் வாங்கித் தருகிறேன். எதற்காகக் கேட்கிறாள்?

யாமினி


மர்பி டவுன்
27 நவம்பர் 2024

யாமினிக்கு,

புதுத் துணி வாங்கித் தருகிறாயாம். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

உனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். ஒற்றை வரியாகத் தெரியும். எனக்கு அப்படியில்லை. விசாகாவை நான் இடுப்பில் தூக்கியிருக்கிறேன். காய்ச்சல் வந்த அன்று மைன்ஸ் ஆஸ்பத்திரிக்கு அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன். திரும்பி வரும்போதும் அவர் அப்படியேதான் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வயது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நீ பிறந்தாய்.

அம்மாவின் ஊர்ப்பக்கம் குடியாத்தத்தில், கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னி என்பார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு அவளுக்குப் புதுத்துணி எடுத்து, கண்ணாடி, வளையல், பூவோடு முறத்தில் வைத்துப் படைப்பார்கள். படைத்த பிறகு அந்தத் துணியை வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி உடுத்திக்கொள்ளலாம். அதற்கு முன்னால் யாரும் பிரிக்கக்கூடாது. அவளுக்கு எடுத்ததை அவள்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

நம் வீட்டில் அது எப்படி நடக்கும்? அப்பா பௌத்தம் தழுவியவர். சங்கத்தில் மேடையேறிப் பேசுகிறவர். சுவரில் புத்தரும் அம்பேத்கரும் தவிர ஒரு படம் கிடையாது. "செத்த கொழந்தைக்குப் பாவாட வெச்சுக் கும்பிடறதா? நாலு பேருக்குப் புத்தி சொல்லிட்டு வீட்ல இதப் பண்ணா என் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன் சரசு" என்று ஒரே தடவை சொன்னார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. படைக்கவும் இல்லை. வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. அந்த வருஷம் விசாகா இருந்திருந்தால் எந்த அளவு சரியாக இருக்குமோ அந்த அளவில் ஒன்று. கடைக்குத் துணைக்குப் போனவள் நான். என் தோள்மேல் வைத்துப் பார்த்து, "இதவிட ரெண்டு வெரல் கொறச்சலா குடுங்க" என்பாள். அப்பா போன பிறகாவது படையேன் என்றேன். "அவரு இருக்கும்போது மீறல, இப்ப மீறுனா நல்லாருக்குமா" என்று சொல்லிவிட்டாள்.

அதுதான் அந்தப் பெட்டி.

டாக்டர் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒரே பேச்சு. "அந்தப் பெட்டிய கொண்ணாந்து என் தலமாட்டுல வைங்க. நான் போறப்ப கூடவே வெச்சுடுங்க. அவளாண்ட குடுக்கணும், எத்தினி வருசமா சேத்து வெச்சிருக்கறேன்." தங்கவயலில் விசாகாவைப் புதைத்த இடத்தில்தான் தன்னையும் புதைக்க வேண்டும் என்கிறாள்.

இப்போது சொல். நான் எதைக் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைப்பது?

தனம்


ஜக்கூர்
9 டிசம்பர் 2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சாக்கு அல்ல. தேடிக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி நடத்தியவர்களிடம் வந்தவர்களின் போன் நம்பர்கள் இருந்தன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நான் பதிவு செய்த அந்த இன்னொரு வீடியோவை நிறுத்தி நிறுத்தி, யார் எதை எடுத்தார்கள் என்று பார்த்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நினைத்து அந்தக் கேமராவை வைத்தேன் தெரியுமா? ஒரு அம்மாள் தாவணியை முகத்தில் வைத்து முகர்ந்து பார்க்கிறாள். அன்று அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம்.

பலர் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்களில் பாதிப்பேர் இதுவும் படைப்பின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, "சூப்பர் ஐடியா மேடம்" என்றார்கள். பட்டுப்புடவையை எடுத்தவர் அதை ஆன்லைனில் விற்றுவிட்டார். பச்சைப் பாவாடை ஒருவர் வீட்டில் திரைச்சீலையாகியிருக்கிறது. நான்கைந்து சுடிதார்கள் கிடைத்தன. எல்லாம் உடுத்தித் துவைத்தவை, ஒன்றில் மஞ்சள் கறை.

முதல் சட்டை, மஞ்சளில் வாத்துப் படம் போட்டது, விவேக் நகரில் இருப்பதாகத் தெரிந்து நேரில் போனேன். கோயிலுக்குப் பின்பக்கச் சந்து. எடுத்துப் போனவர் கண்காட்சியில் தரை துடைக்க வந்தவர். கதவைத் திறந்தது அவர் பெண் குழந்தை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நின்றது. மூன்று வயது இருக்கும். "ஆன்ட்டி, வாத்து" என்று வயிற்றைக் காட்டியது. அவர் உள்ளேயிருந்து வந்து, "குடுத்துடவா மேடம்? தப்பா எடுத்துட்டனா?" என்று பயந்தபடி கேட்டார். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

திட்டு. ஆனால் அந்தக் குழந்தை மேலிருந்து அதை உரிக்க என்னால் முடியாது, அக்கா. உன்னாலும் முடியாது.

நான் அங்கே வரட்டுமா? அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

யாமினி


மர்பி டவுன்
13 டிசம்பர் 2024

யாமினிக்கு,

வராதே.

உன்னைப் பார்த்த உடனே பெட்டி எங்கே என்றுதான் கேட்பாள். வீட்டைக் காலி செய்தது நீ என்று அவளுக்குத் தெரியும். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். போகிற நேரத்தில் அவளுக்கு அது தெரிய வேண்டாம். நான் லாரி பழுது, டிரைவர் ஊருக்குப் போய்விட்டான் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பொங்கலுக்குள்ள வந்துடுமா" என்று கேட்கிறாள். வந்துவிடும் என்கிறேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

வாத்துச் சட்டையை விட்டுவிட்டு வந்தது சரி. அதற்கு மேல் என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதே.

தனம்


ஜக்கூர்
19 டிசம்பர் 2024

அக்கா,

வராதே என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். என் அம்மாவும்தான் அவள்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பொங்கல் காலையில் பெண் பிள்ளைகள் எல்லாம் தெருக்குழாயடியில் கூடி நிற்போம். "உனக்கு இன்னா கலர் எடுத்தாங்க?" என்பதுதான் அன்றைக்கு முதல் கேள்வி. நான் உன் பழைய பாவாடையில் நிற்பேன். அம்மா அதன் விளிம்பைப் பிரித்து நீளமாக்கிக் கொடுத்திருப்பாள். அந்தப் பழைய மடிப்புக் கோடு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எனக்குப் பழசே பிடிக்கும் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி அதை நம்பவும் தொடங்கிவிட்டேன். வாங்குவது கேவலம், ஆசைப்படுவது கேவலம் என்று இன்றைக்கு நான் மேடையில் பேசுவதெல்லாம் அந்தக் குழாயடியில் ஆரம்பித்ததுதான்.

அப்பாவின் சம்பளத்தில் வருஷத்துக்கு ஒரு புதுத்துணிதான் முடியும் என்பது எனக்குப் புரிந்திருந்தது. அந்த ஒன்றும் யாருக்குப் போனது என்று இப்போதுதான் தெரிகிறது. பெட்டியிலிருந்த ஒவ்வொரு பொட்டலமும் எனக்கு எடுக்காத ஒரு பொங்கல். செத்துப்போன குழந்தை மேல் பொறாமைப்படுகிறாளே என்று நீ நினைப்பாய். படுகிறேன். அவளுடைய அளவு அம்மாவுக்கு ஒவ்வொரு வருஷமும் தெரிந்திருந்தது. என் அளவு தெரியுமா என்று கேட்டுப் பார்.

இன்னொரு செய்தி. ஆன்லைன் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் அந்த வீடியோவை வாங்கித் தங்கள் அலுவலக முகப்பில் ஓடவிட விரும்புகிறார்களாம். தங்களைக் கிண்டல் செய்வதையே வாங்கி மாட்டிக்கொள்ள ஆசை. "ரொம்ப க்யூட்டா இருக்கு" என்றாள் வந்த பெண். முடியாது என்று சொல்லிவிட்டேன். இணையத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். உன் போனுக்கு மட்டும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். நீ பார்த்துவிட்டு அழித்துவிடு. அதற்குப் பிறகு எங்கேயும் இருக்காது.

யாமினி


மர்பி டவுன்
2 ஜனவரி 2025

யாமினிக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று லீவு. நான் சமையலில் இருந்தேன். ஸ்னேஹா என் போனில் அந்த வீடியோவைத் திறந்துவிட்டாள், அழிக்க வேண்டும் என்று வைத்திருந்தது. மணிச் சத்தம் கேட்டு அம்மா, "இன்னாடி அது, குடு பாக்கலாம்" என்றிருக்கிறாள். அவளுக்குத் தெளிவாகத் தெரியாதே என்று ஸ்னேஹா டிவியில் போட்டுவிட்டாள். நான் கரண்டியோடு ஓடி வருவதற்குள் வாத்துச் சட்டை வந்துவிட்டது.

நிறுத்து என்று கத்தப் போனேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

அம்மா தலையணையை விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் தானாக எழுந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. திரையில் அந்தக் குழந்தை சட்டையைப் பிரித்துத் தன்மேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறது. அடுத்தது பாவாடை, கொஞ்சம் பெரியவளாகிவிட்டாள். உன் முகத்தையும் என் முகத்தையும் கலந்தாய் அல்லவா? கடையில் பார்த்தபோது ஆத்திரத்தில் நான் முகத்தைக் கவனிக்கவில்லை. நேற்றுதான் பார்த்தேன். நெற்றி உன்னுடையது, மோவாய் என்னுடையது. நடுவில் இருந்தவள் அப்படித்தான் இருந்திருப்பாள்.

"விசாகா" என்றாள் அம்மா. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "பாரேன், போட்டுக்கிட்டா. அந்தப் பச்சைய எடுக்கறப்ப பெருசா இருக்குமோன்னு நெனச்சேன், அளவா இருக்குது." தாவணிக்கு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புடவைக்கு இரண்டு கையையும் நீட்டித் திரையைப் பார்த்துத் திருஷ்டி கழித்தாள். மணி அடித்துக்கொண்டும் நட்சத்திரம் பறந்துகொண்டும்தான் இருந்தது. அதெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "லாரிக்காரனுக்கு வாணாம்னு சொல்லிடு. பெட்டி அவளாண்டயே போயிடுச்சு" என்றாள். படுத்ததும் நன்றாகத் தூங்கினாள்.

நீ எந்த நோக்கத்தில் செய்தாயோ, அது எப்படி வந்து சேர்ந்ததோ. உன்னிடம் நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் இனி அவள் பெட்டியைக் கேட்க மாட்டாள். பொங்கலுக்கு வா.

அக்கா


ஜக்கூர்
5 ஜனவரி 2025

அக்காவுக்கு,

வருகிறேன். பதிமூன்றாம் தேதியே வந்துவிடுகிறேன். மிச்சமிருக்கும் அந்தச் சாம்பல் நிற கவரையும் கொண்டு வருகிறேன். அதையாவது அவள் தலைமாட்டில் வைக்கலாம். நான் அதைப் பிரிக்கவே இல்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன், நிம்மதியாகத்தான். பிறகு திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

அந்த வீடியோவில் கை என்னுடையது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது இடது கைக் கட்டைவிரலில் அந்தச் சூட்டுத் தழும்பு தெரியும். கொதிக்கிற கஞ்சிப் பானையை நான் இழுத்தபோது பட்டது. அம்மாதான் மருந்து போட்டாள். முகத்தை மறைத்தேனே தவிர அதை மறைக்கவில்லை.

அம்மா என் பெயரைச் சொன்னாளா?

யாமினி


மர்பி டவுன்
28 ஜனவரி 2025

யாமினிக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி காலையில் வந்தது. அன்று விடியும்போதே அம்மா போய்விட்டாள். கடிதத்தைப் பிரிக்காமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேதான் தங்கவயல் வரைக்கும் வண்டியில் வந்தேன். காரியமெல்லாம் முடிந்து கடைக்கு வந்த பிறகுதான் பிரித்தேன்.

அங்கே நாம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நீ ஓடி வந்து நின்றாய், மார்போடு அந்தச் சாம்பல் கவரை அணைத்துக்கொண்டு. சொந்தக்காரர்கள் எல்லாம் அது என்ன என்று பார்த்தார்கள். நான்தான் "கூட வை" என்றேன். நீ குனிந்து அம்மாவின் கைப்பக்கம் வைத்தாய். அதன்மேல் முதல் பிடி மண்ணும் நீதான் போட்டாய். அதைப் பார்த்தபோது என் கோபமெல்லாம் போய்விட்டது. இதை உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். இல்லை. வீடியோ ஓடிய நேரம் முழுக்க அம்மா உன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாள் என்று எழுதிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அம்மாவிடம் சொன்ன பொய்களே போதும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் ஸ்னேஹாவிடம் பேச்சுவாக்கில், பாட்டிகூட ஒரு பொட்டலமாவது போனதே, அந்தச் சாம்பல் கவர், என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அது பெரிய சித்தியோடது இல்லம்மா" என்றாள். அவள் விசாகாவைப் பெரிய சித்தி என்றுதான் சொல்கிறாள். மே மாத லீவில் தங்கவயலில் இருந்தபோது அதை போனில் ஆர்டர் போட்டுக் கொடுத்ததே அவள்தானாம். அம்மா சொல்லியிருக்கிறாள்: "யாமினி சித்திக்கு ஒண்ணு போடு. பொங்கலுக்குக் குடுக்கலாம், சொல்லிடாத. அவ அவங்க அப்பாவாட்டம் ஒசரம், ரெடிமேடு எதுவும் அவளுக்குக் கையி எட்டாது. கையி நீளமா இருக்குதான்னு நல்லா பாரு. அவளுக்கு நான் ஒரு பொங்கலுக்கும் புதுசு எடுத்ததில்ல."

அளவு தெரியுமா என்று கேட்டிருந்தாய். தெரிந்திருந்தது.

வைப்பதற்கு வேறு இடமில்லாமல், பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியிலேயே மேலாக வைத்திருக்கிறாள். நாம் அதை விசாகாவுக்கென்று நினைத்து மண்ணில் போட்டுவிட்டோம். ஸ்னேஹா இப்போதும் அழுதுகொண்டிருக்கிறாள், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று. அவளுக்கு எப்படித் தெரியும், சாம்பல் கவரெல்லாம் ஒரே மாதிரிதானே, அதை மண்ணில் வைத்தபோது அவள் பக்கத்திலும் இல்லை.

சொல்லாமல் விட்டிருந்தால் உனக்கு ஒரு வலி குறைந்திருக்கும். சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மாதானாம். என்ன நிறம் என்று ஸ்னேஹாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்குத் தெரிய வேண்டாமென்றால் அவள் என்னிடம்கூடச் சொல்ல மாட்டாள்.

அக்கா


ஜக்கூர்
4 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

மேஜையெல்லாம் கிழித்துப்போட்ட காகிதம். நிறம் வேண்டாம் என்று எழுதினேன், கிழித்தேன். அந்த வெப்சைட்டில் தேடி அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன், அதைவிட வேகமாகக் கிழித்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விளக்குப் போட்டு, ஆசைக்கு முடிவில்லை என்று எழுதி ஒட்டி, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பெட்டியிலிருந்த அத்தனையையும் பிரித்தவள் என்னுடையதை மட்டும் பிரிக்காமல் விட்டேன். இதை வைத்து நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. வீடியோ, படம், எதுவும் இல்லை. இது உனக்கும் எனக்கும் ஸ்னேஹாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஸ்னேஹாவை அழ வேண்டாம் என்று சொல். அவள் கைதான் அதை எனக்கு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஏதாவது சமைத்து வை. அதற்கு முன்னால் அவளிடம் கேட்டு ஒரு வரி எழுதிப் போட்டுவிடு, அக்கா. நேரில் கேட்டால் அவள் முன்னால் உடைந்துவிடுவேன்.

இந்தப் பொங்கலுக்கு உனக்கு என்ன கலர் எடுத்தாங்க என்று யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

யாமினி